சாட் ஆப்புக்குள் ஒரு சமையல்கட்டு

ரிஷிவந்தியம் கடைத்தெருவில் யார் போனை வாங்கிப் பார்த்தாலும் வாட்ஸ்அப் இருக்கும். கரும்பு போட்டவர்கள் கட்டிங் ஆர்டர் எப்போது வரும் என்று விசாரித்துக்கொள்வது அதில்தான். பள்ளிக்கூட லீவு, அர்த்தநாரீஸ்வரர் கோயில் தேன் அபிஷேகப் படம், காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் வந்து சேர்வதும் அதில்தான். காலேஜ் பிள்ளைகளின் போனில் கூடவே டெலிகிராம் இருக்கும். பாடக் குறிப்பும் இறக்கலாம், புதுப்படமும் இறக்கலாம். 2025 செப்டம்பருக்குப் பிறகு சிலர் ஜோஹோவின் அரட்டை ஆப்பையும் ஏற்றிக்கொண்டார்கள்.

மூன்றும் செய்வது ஒரே வேலை. ஆனாலும் அரட்டையிலிருந்து வாட்ஸ்அப்புக்கு ஒரு 'வணக்கம்' போகாது. ஏர்டெல்காரர் பிஎஸ்என்எல்காரரிடம் பேச முடிகிறது. ஜிமெயிலிலிருந்து யாஹூ முகவரிக்குக் கடிதம் போகிறது. சாட்டுக்கு மட்டும் ஏன் இந்த வேலி?

1998-லேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. அப்போது அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனத்தின் ஏஐஎம் மெசஞ்சர்தான் ராஜா. மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் தன் லினக்ஸ் கணினியிலிருந்து அதில் பேச வேண்டும் என்று 'கெய்ம்' என்றொரு கிளையன்ட், அதாவது பயனர் பக்கத்தில் ஓடும் சாட் மென்பொருள், எழுதினார். (ஆஸ்டரிஸ்க் என்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளை எழுதியவரும் இவர்தான்.) பிறகு வந்தவர்கள் ஐசிக்யூ, யாஹூ, எம்எஸ்என் என்று ஒவ்வொன்றாக அதில் சேர்த்தார்கள். நம் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் முகம் தெரியாத ஆளிடம் 'ஏ.எஸ்.எல். ப்ளீஸ்' (வயது, ஆணா பெண்ணா, ஊர்) என்று தட்டிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஒரே ஜன்னலில் நான்கு கம்பெனி நண்பர்களோடும் பேச முடிந்தது. பெயர் தன் வணிகப் பெயரை ஒட்டி இருக்கிறது என்று ஏஓஎல் வழக்கறிஞர்கள் விடாமல் நெருக்க, 2007 ஏப்ரலில் கெய்ம் 'பிட்ஜின்' ஆனது.

அந்தப் பெயர் மாற்றத்தோடு இன்னொரு வேலையும் நடந்து முடிந்திருந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரே மூட்டையாகக் கிடந்த மென்பொருளை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் ஜன்னல், பொத்தான், சிரிப்பு பொம்மை எல்லாம் ஒரு பக்கம். சர்வரோடு பேசுவது, கடவுச்சொல் கொடுத்து நுழைவது, நண்பர் பட்டியலை வாங்குவது, செய்தியை அனுப்பிப் பெறுவது எல்லாம் இன்னொரு பக்கம். இரண்டாவதற்குப் பெயர் லிப்பர்ப்பிள். சி மொழியில் எழுதிய லைப்ரரி.

கல்யாண வீட்டில் சமையல்கட்டு வேறு, பந்தி வேறு. பரிமாறுகிறவருக்குச் சாம்பார் கொதித்த பக்குவம் தெரிய வேண்டியதில்லை. வாளி நிரம்பி வந்தால் போதும். லிப்பர்ப்பிள் சமையல்கட்டு. பந்தியை யார் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டார்கள். மேக் கணினிக்கு அடியம் வந்தது. எழுத்து மட்டுமே தெரியும் கறுப்புத் திரைக்கு ஃபின்ச் வந்தது. எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே சாட் செய்ய 2005-ல் வந்த மீபோவும் இதே அடுப்பில் வெந்ததுதான். அதை 2012-ல் கூகுள் வாங்கிக்கொண்டது.

லிப்பர்ப்பிளின் மூல நிரலோடு 'நல்கிளையன்ட்' என்று ஒரு மாதிரி நிரல் வரும். புரோகிராமிங் படிக்கும் பிள்ளைகள் ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு சி கோப்பு. ஓட்டினால் ஜன்னல் எதுவும் வராது. எந்தெந்த புரோட்டோகால், அதாவது சர்வரோடு பேசும் முறை, தனக்குத் தெரியும் என்று எண் போட்டு ஒரு பட்டியல் காட்டும். எண்ணைக் கேட்கும், பயனர் பெயரைக் கேட்கும், கடவுச்சொல்லைக் கேட்கும். பிறகு உள்ளே நுழைந்துவிட்டேன் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்தக் கோப்பின் நடுவில்தான் சூட்சுமம் இருக்கிறது. நாம் லைப்ரரியைக் கூப்பிடுவது பாதிக் கதை. லைப்ரரியும் நம்மைக் கூப்பிட வேண்டும். செய்தி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தொடக்கத்திலேயே சில ஃபங்ஷன்களின் முகவரிகளை ஒரு பட்டியலாக அதன் கையில் கொடுத்துவிடுகிறோம். செய்தி வந்தால் இதைக் கூப்பிடு, இணைப்பு அறுந்தால் இதைக் கூப்பிடு, இத்தனை நொடி கழித்து இதை எழுப்பு. அதன் பிறகு நிரல் ஒரு சுழலில் உட்கார்ந்து காத்திருக்கிறது. கல்லூரி லேபில் மேலிருந்து கீழாக ஓடி முடியும் நிரல்களையே எழுதிப் பழகியவர்களுக்கு முதலில் தலை சுற்றும். இது பிடிபட்டுவிட்டால் எந்த சாட் லைப்ரரியும் புரிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. அடுப்பு ஒன்று என்றால் தீ பிடித்தாலும் எல்லாப் பந்திக்கும்தான். 2009-ல் லிப்பர்ப்பிளின் எம்எஸ்என் பகுதியில் ஒரு ஓட்டை தெரியவந்தது. எங்கிருந்தோ ஒருவர் சில செய்திகளை அனுப்பி எதிராளியின் கணினியில் தன் நிரலை ஓட்டிவிட முடியும். பிட்ஜின்காரர்களும் அடியம்காரர்களும் சேர்ந்தே திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. கடவுச்சொல்லைச் சேமிக்கச் சொன்னால் பிட்ஜின் அதைப் பூட்டாமல் ஒரு சாதாரணக் கோப்பில் அப்படியே எழுதிவைக்கும். சாவியையும் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் பூட்டுவதால் என்ன பயன் என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். இருந்தாலும் பிரவுசிங் சென்டர் கணினியில் அதைச் செய்திருந்தால் கதை கந்தல்.

பிட்ஜினை உண்மையில் முடக்கியது இந்த ஓட்டைகள் அல்ல. கம்பெனிகள் கதவைச் சாத்தியதுதான். ஜெரமி மில்லர் 1999-ல் தொடங்கிய ஜாபர், 2004-ல் எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் இணையத் தரமாகவே ஏற்கப்பட்டது. மின்னஞ்சல் போலவே யாரும் சர்வர் வைக்கலாம், யாரும் கிளையன்ட் எழுதலாம். கூகுள் டாக் 2005-ல் அதில்தான் தொடங்கியது; ஃபேஸ்புக் சாட்டும் 2010-ல் அதற்கு ஒரு வழி திறந்தது. கூட்டம் சேர்ந்தது. 2013-ல் ஹேங்அவுட்ஸ் என்று கூகுள் வேறு பாதை பிடித்தது. 2015-ல் ஃபேஸ்புக்கும் மூடிவிட்டது. வாட்ஸ்அப்பே தொடக்க காலத்தில் ஈஜாபர்டி என்ற கட்டற்ற எக்ஸ்எம்பிபி சர்வரை எடுத்துத்தான் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. பொதுக் கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தன் வீட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்ட கதை. இன்று வாட்ஸ்அப்புக்கு வெளியாட்கள் எழுதிய லைப்ரரிகள் இணையத்தில் கிடைக்கின்றன. 'ஆயிரம் பேருக்கு ஒரே தட்டில் மெசேஜ்' என்று மலிவு விலையில் விற்கப்படும் பல மென்பொருள்களின் வயிற்றில் இருப்பது அவைதான். அது விதிமீறல், எண்ணைத் தடை செய்துவிடுவார்கள். கடைக்காரர் பல வருஷமாக போர்டில் எழுதிவைத்திருக்கும் எண் அது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

சட்டம் போட்டுக் கதவைத் தட்டியது ஐரோப்பா. அங்கே 2024 மார்ச்சிலிருந்து பெரிய கம்பெனிகள் மற்ற ஆப்களுக்கு வழிவிட வேண்டும். 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைக்கெட் என்ற இரண்டு சின்ன ஆப்களோடு செய்தி பரிமாறும் வசதியை வாட்ஸ்அப் ஐரோப்பியர்களுக்கு அறிவித்தது. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. மாறாக, 2023 மே மாதத்தில் தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று மத்திய அரசு 14 ஆப்களைத் தடை செய்தபோது, மேட்ரிக்ஸ் என்ற திறந்த புரோட்டோகாலில் இயங்கும் எலிமென்ட்டும் பட்டியலில் இருந்தது. இதே மேட்ரிக்ஸை வைத்துத்தான் பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கு 'சாப்' என்ற ஆப்பை 2019-ல் கொடுத்தது.

இந்த நிலையில் அரட்டை பற்றி ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு சொன்னதைக் கவனிக்கத் தோன்றுகிறது. ஜோஹோ 2021 ஜனவரியில் வெளியிட்டு, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கிடந்த ஆப் அது. 2025 செப்டம்பர் கடைசியில் மூன்றே நாளில் தினசரிச் சேர்க்கை 3,000-லிருந்து 3,50,000 ஆகிவிட்டது என்றார் வேம்பு. அடுத்த சில நாட்களில், யுபிஐ போல, மின்னஞ்சல் போல, மெசேஜிங்கும் ஆப்புகளுக்கிடையே பரிமாறிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும், அதற்கான தரத்தை வகுத்து வெளியிட ஐஸ்பிரிட் அமைப்பின் ஷரத் சர்மாவோடு பேசுகிறோம் என்றும் சொன்னார். தமிழ்ப் பெயர் வைத்ததைவிட இந்தப் பேச்சுக்குத்தான் நான் கைதட்டுவேன். தட்டிவிட்டு, புரோட்டோகால் ஆவணம் எங்கே, வெளியாள் எடுத்து ஓட்டக்கூடிய லைப்ரரி எங்கே என்றும் கேட்பேன். சாட்டில் சின்னதாக இருந்தபோது கூகுளும் இப்படித்தான் திறந்துவைத்துப் பேசியது.

இப்போதைக்கு ஒரு பெரிய கம்பெனி தானே கொடுத்திருக்கும் லைப்ரரி என்றால் டெலிகிராமின் டிடிலிப். 2018 ஜனவரியில் வெளிவந்தது. சர்வர் டெலிகிராமின் பிடியில்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் கிளையன்ட்டை நாம் எழுதிக்கொள்ள முழு அனுமதி உண்டு. அவர்கள் தளத்தில் நம் போன் எண்ணைக் கொடுத்து ஓர் அடையாள எண் வாங்க வேண்டும், காசில்லை. பிறகு நம் நிரலும் லைப்ரரியும் ஜேசான் துண்டுகளில் பேசிக்கொள்ளும். 'போன் எண்ணுக்குக் காத்திருக்கிறேன்' என்று லைப்ரரி ஒரு நிலையைச் சொல்லும். எண்ணை அனுப்பினால் 'குறியீட்டுக்குக் காத்திருக்கிறேன்' என்னும். குறியீடும் சரி என்றால் 'தயார்'. மறையாக்கம், பழைய செய்திகளைப் போனிலேயே சேமிப்பது, அறுந்த இணைப்பைத் திரும்பப் பிடிப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

கடைசியாகச் சொன்னது நம் பக்கத்துக்கு ரொம்ப முக்கியம். வெள்ளிமலைக்கு மேலே ஏறினால் சில ஊர்களில் சிக்னல் வந்து வந்து போகும். இந்தப் பாறைமேல் நின்றால் கிடைக்கும், நாலடி தள்ளினால் கிடைக்காது. அங்கே ஒரு செய்தி போய்ச் சேர, அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் 'வந்தது' என்று பதில் வாங்கி, வராததை மட்டும் திரும்ப அனுப்பி, ஒரே செய்தி இரண்டு முறை போகாமலும் பார்க்க வேண்டும். முதன்முதலாக சாட் எழுதுகிற மாணவர் வீட்டு வைஃபையில் சோதித்துவிட்டு முடிந்தது என்று நினைப்பது இங்கேதான் அடிவாங்கும். மெதுவான, நம்ப முடியாத இணைப்பிலும் நிலையாக ஓடும் என்பதை டிடிலிப்பின் அறிமுகக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். எக்ஸ்எம்பிபியிலும் இதற்கென்று ஒரு நீட்சி இருக்கிறது.

இப்படி ஒரு லைப்ரரியை வைத்து இங்கே என்ன செய்யலாம்? பெரிய எழுத்தில், மூன்றே பொத்தானோடு, கண் மங்கிய பாட்டி பேரனோடு மட்டும் பேச ஒரு கிளையன்ட். மரவள்ளி விலை சொல்லும் சேனலை மட்டும் காட்டி, மற்ற குப்பையை மறைக்கிற ஒன்று. வருகிற செய்தியைத் தமிழில் வாசித்துக் காட்டுகிற ஒன்று. கலிஃபோர்னியாவிலோ துபாயிலோ உட்கார்ந்திருப்பவர் நமக்காக இதைச் செய்ய மாட்டார். சொல்லித்தர ஆளும் தூரத்தில் இல்லை: விழுப்புரத்தில் விஜிலக் என்ற குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தருகிறது.

கணினி? விஜயகாந்த் ரிஷிவந்தியத்தில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரான அதே 2011-ல்தான் அரசின் விலையில்லா லேப்டாப் திட்டமும் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் உயிரோடு இருக்கும் அந்தப் பழைய லேப்டாப்பில் நல்கிளையன்ட் சிரமமில்லாமல் ஓடும். டிடிலிப்பை அதிலேயே கம்பைல் செய்யப் போனால் நினைவகம் போதாமல் பாதியில் நின்றுவிடும். அப்போது பயப்பட வேண்டாம். பெரிய மூலக் கோப்புகளைச் சின்னச் சின்னதாக வெட்டித்தர 'ஸ்பிளிட்சோர்ஸ்' என்று ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட்டை அவர்களே கூடவே வைத்திருக்கிறார்கள். முதலில் அதை ஓட்டிவிட்டு கம்பைலைத் தொடங்கிவிட்டால், ராத்திரி சாப்பிட்டுப் படுத்துவிடலாம்.