சேறும் குதிரையின் காலும்

நுவரெலியாவிலே கிறகரி வாவிக்கரையில் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளை அறியாதார் சிலரே. அக்குதிரை நடந்தாற்றான் அதனை வளர்ப்பவனின் வீட்டில் அடுப்பெரியும். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்த அந்நகரிலோ, மழைக்காலம் வந்துவிட்டால் நிலம் பல நாட்களாக உலர்வதில்லை. இத்தகைய ஈரநிலத்தில் நிற்கும் குதிரைகளின் கால்களைப் பற்றும் தோல் நோயொன்றுண்டு. ஆங்கிலேயர் இதனைச் ‘சேற்றுக் காய்ச்சல்’ என வழங்குவர். பெயர் அவ்வாறிருப்பினும், பெரும்பாலும் உடலிற் காய்ச்சல் காண்பதில்லை. இது தோலின் அழற்சியே.

குளம்பிற்குச் சற்று மேலே, காலின் பின்புறக் குழிவிலே இந்நோய் பெரும்பாலும் தோன்றும். மயிர் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். அதனடியிற் பொருக்குகள் உண்டாகும். பொருக்கை அகற்றினால் சிவந்து கசியும் புண் காணப்படும். பின்னர் தோல் வெடித்து, கால் வீங்கி, குதிரை நொண்டவும் கூடும். வெண்மயிர்க் கால்களையே இது அதிகமாகப் பற்றுகின்றது.

இதற்குக் காரணம் யாது? நலமான தோல் கிருமிகளைத் தடுக்கும் மதில் போன்றது. இடைவிடாத ஈரம் அம்மதிலை ஊறவைத்து இளக்குகின்றது. சேற்றிலுள்ள மணல் அதனைக் கீறுகின்றது. அவ்வழியே கிருமிகள் புகுகின்றன. அவற்றுள் முதன்மையானது தெர்மற்றோபிலசு கொங்கோலென்சிசு என்னும் பற்றீரியா. 1915ஆம் ஆண்டிலே, அக்காலப் பெல்ஜியக் கொங்கோவில், மாடுகளின் தோல் நோயொன்றை ஆராய்ந்தபோது இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. உலர்ந்த பொருக்கினுள்ளே இக்கிருமி உறங்கிக் கிடக்கும். நீர் பட்டதும் நீந்தும் வித்திகளாக வெளிப்பட்டு, புதிய இடங்களைப் பற்றும். ஆகவே, உண்மையான பகை சேறன்று, நீங்காத ஈரமே.

இதனை அறியாமையால், அன்புடன் செய்யும் பணியே தீங்காக முடிவதுண்டு. வேலை முடிந்ததும் சேற்றுக் கால்களை நீரால் நன்கு கழுவி, ஈரத்துடனேயே குதிரையை இரவு முழுவதும் கட்டிவிடுவர் சிலர். கால் சுத்தமாகத் தோன்றும். கிருமிக்கு வேண்டிய ஈரமோ அங்கேயே தங்கிவிடும். சேற்றை உலரவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டி நீக்குதல் நன்று. கழுவியே தீரவேண்டுமாயின், துவாயால் ஒற்றி முற்றாக உலர்த்துதல் வேண்டும்.

நோய் கண்டபின் முதல் வேலை குதிரையை உலர்ந்த லாயத்திற்கு மாற்றுவதாகும். புண்ணைச் சுற்றியுள்ள நீண்ட மயிரைக் கவனமாகக் கத்தரிக்கலாம். ஐதாக்கிய குளோரெக்சிடீன் போன்ற கிருமிநீக்கியால் பொருக்குகளை நனைத்து, சுமார் பத்து நிமிடம் ஊறவிட்டு, பின் அலசி உலர்த்த வேண்டும். இளகிய பொருக்குகளை மட்டும் மெல்ல அகற்றலாம். இறுகியிருப்பவற்றைப் பிய்த்தெடுத்தல் விலங்கிற்குப் பெருநோவு தருவதோடு புண்ணையும் பெரிதாக்கும். அகற்றிய பொருக்குகளை லாயத்தில் விடாது சேர்த்து அப்புறப்படுத்துக. களிம்பு பூசுவதாயின் உலர்ந்த, தூய தோலிலேயே பூசுக. ஈரத்தின்மேற் பூசிய களிம்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். இக்கிருமி மனிதரையும் பற்றக்கூடுமாதலால், கையுறை அணிதலும் கைகழுவுதலும் இன்றியமையாதன. நோயுற்ற குதிரையின் தூரிகையைப் பிறிதொன்றிற்குப் பயன்படுத்தலாகாது.

கால் வீங்கினாலோ, நொண்டினாலோ, சில நாட்களிற் குணம் காணாவிடினோ மிருக வைத்தியரை அழைப்பதே முறை. காலில் அடர்ந்த மயிருள்ள குதிரைகளில் சிற்றுண்ணிகளும், வேறு சிலவற்றில் ஈரல் நோயால் வெயில் தாங்காது போன தோலும் இதே தோற்றத்தைத் தரும். அவற்றிற்குரிய சிகிச்சை வேறு.

வருமுன் காத்தற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. குதிரைகள் கூடி நிற்கும் வாயிலிலும் நீர்த்தொட்டியருகிலும் சரளைக்கல் பரப்பி, நீர் வடிய வழி செய்தல் வேண்டும். லாயத்தில் உலர்ந்த வைக்கோல் இடுதல் வேண்டும். மழைக்காலத்தில் நாள்தோறும் நான்கு கால்களையும் விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும்; மயிருக்குள் மறைந்த சிறு பொருக்கு கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. தன் நோவை வாய்விட்டுச் சொல்லவியலாத விலங்கிற்கு, அந்த ஒருகணப் பரிசோதனையும் உலர்ந்ததோர் இடமுமே சிறந்த காவலாகும்.