அரை கிலோமீட்டருக்கு ஆண்டுக்கணக்கு!
பரங்கிமலை பறக்கும் ரெயில் பட்ட பாடு

நாச்சியாபுரத்துப் பையன் காரைக்குடியில் பல்லவன் ஏறுவான். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரெயிலில் பரங்கிமலை வந்துவிடுவான். வேலையோ தரமணியில். அங்கிருந்து? பஸ், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. துட்டும் போச்சு, நேரமும் போச்சு! வருஷக்கணக்கில் இதே கதைதான்.

தரமணிப் பக்கம் டைடல் பார்க் திறந்தது 2000-ல். அப்போது கடற்கரையில் கிளம்பிய பறக்கும் ரெயில் மயிலாப்பூரோடு நின்றது. திருவான்மியூரை எட்ட 2004, வேளச்சேரியை எட்ட 2007 ஆனது. கம்பெனிகள் முந்தி, தண்டவாளம் பிந்தி!

வேளச்சேரியில் இருந்து பரங்கிமலை வெறும் 5 கி.மீ. 2008-ல் வேலை தொடங்கினார்கள். நாலரை கிலோமீட்டருக்குத் தூண் எழும்பிவிட்டது. மிச்சம் அரை கிலோமீட்டர், ஆதம்பாக்கத்தில். நிலத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான், பத்து வருஷத்துக்கு மேல் வேலை படுத்துவிட்டது!

வீட்டைப் பறிகொடுப்பவன் நியாயவிலை கேட்டால் என்ன தப்பு? நிலம் கைக்கு வருமுன் தூண் நட்டது யார் யோசனை?

வேடிக்கை என்னவென்றால், 2009-ல் வேலை தொடங்கிய மெட்ரோ 2016-லேயே பரங்கிமலையைப் பிடித்துவிட்டது.

அடுத்து மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு 45 கி.மீ. மெட்ரோ. பழைய மகாபலிபுரம் சாலையில் தூண்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஸ்டேஷனில் இறங்குகிறவன் கம்பெனி வாசலுக்கு எதில் போவான்? மினி பஸ்சா, நடராஜா சர்வீசா? கடைசித் தூண் நடுவதற்குள் அதிகாரிகள் பதில் சொல்லட்டும்.