லட்டு தெரியும், பிடிக்கும் கை தெரியுமா?

பட்டாளத்துச் சமையல்காரர் பாடு பெரும் பாடு. ஒரு பட்டாலியன் என்றால் சுமார் 800 பேர். விடியும் முன் அத்தனை பேருக்கும் டீயும் சப்பாத்தியும் தயாராக வேண்டும். அந்தச் சமையல்காரரையே மலைக்க வைக்கும் அடுப்பங்கரை ஒன்று நம் பக்கத்திலேயே, திருமலையில் இருக்கிறது.

லீவில் ஊருக்குப் புறப்படும் நம்மவர் கையில் லட்டுப் பை இல்லாமல் இருக்குமா? ஆனால், அதைச் செய்பவரை நாம் பார்த்ததில்லை. நாம் மடப்பள்ளி என்பதைத் தெலுங்கில் ‘போட்டு’ என்கிறார்கள். பூந்தி கோயிலுக்கு வெளியே பொரிக்கப்படுகிறது. கன்வேயர் பெல்ட் வழியாக உள்ளே போகிறது. அங்கே உருண்டை பிடிக்கிறார்கள்.

சாமான்களுக்குத் ‘திட்டம்’ என்று ஒரு கணக்கு உண்டு. 5,100 லட்டுக்குக் கடலை மாவு 180 கிலோ, சர்க்கரை 400, நெய் 165, முந்திரி 30, திராட்சை 16, கற்கண்டு 8, ஏலக்காய் 4. ஆக மொத்தம் 803 கிலோ. இன்று நாளொன்றுக்கு மூன்று லட்சம் லட்டுக்கு மேல் வேண்டியிருக்கிறது. அப்படியானால் இந்தக் கணக்கை தினமும் 60 தடவை போட வேண்டும்! நெய் மட்டுமே பத்து டன்னை நெருங்கும்.

அத்தனை நெய்யும் கொதிக்கிற இடத்தில் மனிதன் நிற்கிறான். ஜல்லிக்கரண்டியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பூந்தி சிவக்கும் முன் அள்ள வேண்டும். கேஸ் அடுப்புக் காலத்தில் வெக்கை மட்டுமல்ல, ஆபத்தும் கூடவே இருந்தது. நெய்ப்புகை சுவரில் பிசுக்காகப் படியும். ஒரு பொறி பட்டால் போதும். 2019 டிசம்பரில் பூந்திப் போட்டில் தீப்பிடித்தது.

2021 அக்டோபரில் புதிய பூந்திக் கூடம் திறந்தார்கள். சென்னையின் இந்தியா சிமெண்ட்ஸ் சீனிவாசன் கொடுத்த நன்கொடை அது. இங்கே வாணலிக்கு அடியில் நெருப்பே கிடையாது. வேறிடத்தில் சூடாக்கிய எண்ணெய் குழாய் வழியாக வந்து வாணலியைக் காய வைக்கிறது.

திருப்பதி லட்டுக்குப் புவிசார் குறியீடு 2009-லேயே கிடைத்துவிட்டது. அதாவது, லட்டின் பெயருக்குக் காவல் வந்து 12 வருஷம் கழித்தே அடுப்படியில் நிற்பவருக்குப் பாதுகாப்பு வந்தது. முன்னதாகவே செய்திருக்கலாம்.

இப்போதும் வெக்கை அடியோடு போய்விடவில்லை. கொதிக்கிற நெய் நெய்தானே! உருண்டை பிடிப்பதும் கையால்தான். பாகு ஆறினால் பிடி நிற்காது. சூட்டோடு சூடாகப் பிடித்தாக வேண்டும்.