மன்னித்துவிட்டால் மறந்துவிட வேண்டுமா? பழையபடி நம்பவும் வேண்டுமா?

“மன்னிச்சுட்டேன்னு நீதானே சொன்ன... அப்புறம் எதுக்கு இன்னும் என்னை சந்தேகப்படுற?”

பெரிய சண்டை ஒன்று முடிந்து சில வாரங்கள் ஆனதும், ஏதாவது ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். காதலில் பொய் சொல்லி மாட்டியவர் கேட்பார். வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்த நண்பர், மறுபடி கைமாத்து கேட்கும்போது கேட்பார். நீங்கள் செய்த வேலையைத் தன் பெயரில் மேனேஜரிடம் காட்டிய டீம்மேட்கூடக் கேட்பார். கேட்பவருக்கு அது நியாயமான கேள்வியாகவே தெரியும். பதில் சொல்ல வேண்டியவருக்கோ, ‘அப்போ நான் உண்மையிலேயே மன்னிக்கலையோ?’ என்று குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

‘மறப்போம், மன்னிப்போம்’ என்று அரசியல் மேடை முதல் குடும்பப் பஞ்சாயத்து வரை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். ‘பழையபடி நம்பு’ என்பதும் சத்தமில்லாமல் அதோடு ஒட்டிக்கொள்கிறது. உண்மையில் மன்னிப்பு, மறதி, நம்பிக்கை மூன்றும் வேறு வேறு. ஒன்றைக் கொடுத்தால் மற்ற இரண்டையும் சேர்த்துத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மன்னிப்பு என்றால் சரியாக என்ன?

அமெரிக்காவின் விஸ்கான்சின் - மேடிசன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ராபர்ட் என்ரைட், மன்னிப்பை அறிவியல்ரீதியாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி. அவர் பார்வையில், ஒருவர் நமக்கு அநியாயம் செய்திருக்கிறார் என்று தெளிவாகத் தெரிந்தே, அவர்மீதுள்ள வன்மத்தை நாமாக விரும்பிக் கைவிடுவதுதான் மன்னிப்பு. ‘அது ஒண்ணும் பெரிய தப்பில்ல’ என்று நியாயப்படுத்துவது மன்னிப்பில் சேராது. நடந்ததை மறப்பதும் சேராது. மீண்டும் உறவாடுவதும் சேராது.

இதில் கடைசி வேறுபாடுதான் முக்கியம். மன்னிக்க ஒருவர் போதும். எதிராளி வருத்தம் தெரிவிக்காவிட்டாலும், இறந்தே போயிருந்தாலும் அவரை மன்னிக்க முடியும். ஆனால் உறவைப் புதுப்பிக்க இரண்டு பேர் வேண்டும்.

இந்தத் துறையின் இன்னொரு முக்கியமான பெயர் எவரெட் வொர்திங்டன். மன்னிப்பைப் பற்றி ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்த அவருடைய தாயார், 1996 புத்தாண்டையொட்டி வீடு புகுந்த ஒருவரால் கொல்லப்பட்டார். புத்தகத்தில் எழுதியதைத் தன் வாழ்க்கையிலேயே சோதிக்க வேண்டிய நிலை. மன்னிப்பில் இரண்டு வகை உண்டு என்கிறார் அவர். ‘பழிவாங்க மாட்டேன்’ என்று எடுக்கும் முடிவு ஒன்று. மனதில் கோபமும் கசப்பும் உண்மையிலேயே குறைவது இன்னொன்று. முடிவை ஒரு நாளில் எடுத்துவிடலாம். மனம் அந்த இடத்துக்கு வந்துசேர மாதங்கள், சில நேரம் வருடங்கள்கூட ஆகலாம். ஆகவே, மன்னித்த பிறகும் கோபம் எட்டிப்பார்த்தால் மன்னித்தது பொய் என்று ஆகிவிடாது.

வொர்திங்டனின் முறையில் தயாரான பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டு கொலம்பியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன், இந்தோனேசியா, ஹாங்காங் ஆகிய இடங்களில் சுமார் 4,600 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2024-ல் வெளியான அதன் முடிவுகளின்படி, பயிற்சியைச் செய்தவர்களுக்கு மன்னிக்கும் மனநிலை கூடியதோடு, மனச்சோர்வு, பதற்றத்தின் அறிகுறிகளும் குறைந்தன. மன்னிப்பால் முதல் லாபம் மன்னிப்பவருக்குத்தான்.

மறப்பது நம் கையில் இருக்கிறதா?

இல்லை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட பிரபலமான ‘வெள்ளைக் கரடி’ ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். பங்கேற்றவர்களிடம், வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது என்றும், நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பிறகு ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி நினைப்பு அதிகமாக வந்தது. நினைக்கக் கூடாது என்று அழுத்த அழுத்த, அது திமிறிக்கொண்டு மேலே வருகிறது.

அப்படியானால், மறதியை மன்னிப்பின் அடையாளமாகக் கேட்பது முடியாத ஒன்றைக் கேட்பதுதான். மன்னித்தவருக்கும் நினைவு இருக்கும். முன்பு அதை நினைத்தாலே உடம்பு பதறும். இப்போது அது நடந்து முடிந்த ஒரு விஷயமாக வந்துபோகும். மாற்றம் அவ்வளவுதான்.

வள்ளுவரும் இதைத் தொட்டிருக்கிறார். ‘பொறையுடைமை’ அதிகாரத்தில், பிறர் செய்த மிகையைப் பொறுப்பது எப்போதும் நல்லது, அதை மறந்துவிடுவது அதைவிட நல்லது என்கிறார். அந்தக் குறளிலேயே பொறுப்பதும் மறப்பதும் இரண்டு தனிப் படிகளாக நிற்பதைக் கவனிக்கலாம். மறதி மேல்படி. அது வாய்த்தால் நல்லது. முதல் படி ஏறுவதற்கு அது நிபந்தனை அல்ல.

ஒரு நாடே இப்படி யோசித்ததும் உண்டு. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைக்கப்பட்டது. 1995-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவர்கள், செய்ததை முழுமையாக வெளியே சொன்னால் பொதுமன்னிப்புக் கோரலாம். 7,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. மன்னிப்பு கிடைத்தது அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குத்தான். அந்த ஆணையத்தின் மீது இன்றுவரை விமர்சனங்கள் உண்டு. ஆனால் அதன் அடிப்படை தெளிவானது: மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க முடியாது. நடந்ததைப் பதிவு செய்த பிறகுதான் மன்னிப்பு பற்றிய பேச்சே.

போப்பின் காரில் ஏறிய கண்ணாடி

1981 மே 13 அன்று வாடிகனின் புனித பீட்டர் சதுக்கத்தில், திறந்த வாகனத்தில் வந்த போப் இரண்டாம் ஜான் பாலை, துருக்கியைச் சேர்ந்த மெஹ்மெத் அலி அக்ஜா துப்பாக்கியால் சுட்டார். உயிர்பிழைத்த போப், நான்கே நாளில் மருத்துவமனையிலிருந்து, தன்னைச் சுட்டவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 டிசம்பரில் ரோம் நகரின் ரெபிபியா சிறைக்கே நேரில் போய் அக்ஜாவோடு உட்கார்ந்து பேசினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் அக்ஜா உடனே வெளியே வந்துவிடவில்லை. இத்தாலிய அதிபர் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது 2000-ல்தான். இன்னொரு மாற்றமும் நடந்தது. அந்தத் தாக்குதலுக்குப் பிறகு போப்பின் வாகனங்களில் குண்டு துளைக்காத கண்ணாடி பொருத்தப்பட்டது. ‘கண்ணாடி போட்டுட்டாரே, அப்போ அவர் மன்னிக்கலை’ என்று யாரும் சொல்வதில்லை. மன்னிப்பு நடந்து முடிந்ததற்கு. கண்ணாடி இனி நடக்கப்போவதற்கு.

இந்தியாவிலும் உதாரணம் உண்டு. ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்கு இடையே பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரியில் தன் இரண்டு மகன்களோடு வாகனத்தில் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார். கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அவருடைய மனைவி கிளாடிஸ் சொன்னார். சட்டம் தன் கடமையைச் செய்வது வேறு என்பதிலும் அவர் தெளிவாக இருந்தார். வழக்கு நடந்தது, முக்கியக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பும் விளைவும் ஒன்றை ஒன்று ரத்து செய்யவில்லை.

உடைந்த நம்பிக்கை திரும்புமா?

திரும்பலாம். ஆனால் எது உடைத்தது என்பதைப் பொறுத்தது. மாரிஸ் ஷ்வைட்சர் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பண விளையாட்டு ஒன்றின் மூலம் இதைச் சோதித்தார்கள். எதிராளி நியாயமில்லாமல் நடந்துகொண்டதால் குறைந்த நம்பிக்கை, அவர் தொடர்ந்து ஒழுங்காக நடந்தபோது மீண்டும் வளர்ந்தது. அதே தவறோடு பொய்யும் சேர்ந்திருந்தால், மன்னிப்புக் கேட்டு, வாக்குறுதி கொடுத்து, ஒழுங்காக நடந்த பிறகும் நம்பிக்கை முழுதாகத் திரும்பவில்லை. கடனைக் கட்ட முடியாமல் தவித்த நண்பரையும், ‘பேங்க்ல ட்ரான்ஸ்ஃபர் போட்டுட்டேன்’ என்று பொய் சொன்ன நண்பரையும் மனம் ஒரே தராசில் வைக்காததற்கு இதுதான் காரணம்.

மன்னிப்புக் கேட்கும் விதமும் முக்கியம். ராய் லெவிக்கி குழுவினரின் 2016 ஆய்வில், மன்னிப்புக் கோருவதன் ஆறு கூறுகள் ஒப்பிடப்பட்டன. ‘தப்பு என்னுடையது’ என்று பொறுப்பேற்பது முதலிடம் பிடித்தது. ‘இதை நான் சரிசெய்கிறேன்’ என்பது அடுத்தது. ‘என்னை மன்னிச்சிடு’ என்று கேட்பதுதான் கடைசி இடம்.

சரிசெய்யாதவரை மன்னித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? லாரா லூச்சீஸ் உள்ளிட்டோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, அது மன்னிப்பவரின் சுயமரியாதையையே குறைக்கலாம் என்று காட்டியது. இதை அவர்கள் ‘மிதியடி விளைவு’ என்று அழைத்தார்கள். தவறு செய்தவர் மனம் திருந்தி நடந்தபோது, அதே மன்னிப்பு சுயமரியாதையைக் கூட்டியது.

மறுபடி நம்பும் முன் கேட்க வேண்டியவை

* பொறுப்பேற்றாரா, காரணம் மட்டும் சொன்னாரா? ‘நீ அப்படி நடந்ததாலதான் நான் இப்படிப் பண்ணேன்’ என்பது மன்னிப்புக் கேட்பதல்ல. பழியைத் திருப்பிப் போடுவது.
* சொல்லோடு நின்றதா, செயலும் வந்ததா? வாங்கிய பணத்தில் முதல் தவணையாவது வந்திருக்கிறதா? மேனேஜரிடம் ‘அது அவங்க செஞ்ச வேலை’ என்று திருத்திச் சொன்னாரா?
* முதல் தடவையா, வழக்கமா? ஒரே தவறு, ஒரே கண்ணீர், ஒரே சத்தியம் மூன்றாவது முறை வந்தால், அது அவருடைய பழக்கம்.
* எல்லைக்கு மதிப்புக் கொடுக்கிறாரா? உண்மையில் வருந்துகிறவர் ‘உனக்கு எவ்வளவு டைம் வேணுமோ எடுத்துக்கோ’ என்பார். அவசரப்படுத்துபவருக்குத் தேவை பழைய வசதி.

எல்லாவற்றிலும் நம்ப வேண்டும், அல்லது எதிலுமே நம்பக் கூடாது என்றும் இல்லை. கைமாத்து கொடுக்க மாட்டேன், ஆனால் கல்யாணத்துக்கு முதல் ஆளாய் வந்து நிற்பேன் என்று ஒரு நண்பரை வைத்துக்கொள்ளலாம். அது முழுமையான நட்புதான்.

ஆனால் உடல்ரீதியான வன்முறை, மிரட்டல் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் பிறகு. அங்கே முதல் கேள்வி மன்னிப்பு அல்ல, பாதுகாப்பு. ‘குடும்பம்னா அப்படித்தான், மன்னிச்சு மறந்துட்டுப் போம்மா’ என்று யார் சொன்னாலும், ஆபத்துள்ள வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181.

மன்னித்தவருக்கும் ஒரு பொறுப்பு

மறக்க முடியாது என்பது, சண்டை வரும்போதெல்லாம் பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுப்பதற்கான லைசென்ஸ் அல்ல. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால், அந்தத் தவறை ஆயுதமாக எடுக்க மாட்டேன் என்றும் சேர்த்துத்தான் சொல்கிறோம். எல்லை வகுப்பது பாதுகாப்பு. குத்திக்காட்டுவது, தவணை முறையில் பழிவாங்குவது.

வள்ளுவர் பொறுமையை அறத்துப்பாலில் வைத்தார். யாரை நம்புவது என்பதைப் பொருட்பாலில், ‘தெரிந்து தெளிதல்’ என்ற தனி அதிகாரமாக வைத்தார். அரசன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சொன்னது அது என்றாலும், அதன் கடைசிக் குறள் எந்த உறவுக்கும் பொருந்தும். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு அவர்மீது சந்தேகப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் என்கிறது அது. எனவே நம்புவதற்கு முன் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நம்புவது என்று முடிவெடுத்துவிட்டால், அவருடைய போனை ரகசியமாக எடுத்துப் பார்ப்பதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.