வாவிக்கரையில் வைத்தியக் கல்வி

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்றரையை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று, படுகின்ற கரை மற்றொன்று. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் தோணியையும், இவ்வூரார் 'பாதை' என்று சொல்லும் மிதவையையும் நம்பியே வாவியைக் கடந்தனர். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணும் அரவந் தீண்டிய உழவனும் அவ்வழியே வந்தவர்கள்தாம்.

நோயாளி வாவியைக் கடந்த கதை பலருக்குத் தெரியும். வைத்திய அறிவு அதே வாவியைக் கடந்து மறுகரைக்கு எவ்வாறு செல்கிறது என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. வெல்லாவெளியிலோ வவுணதீவிலோ கடமை புரியும் வைத்தியர், தாதி, மருத்துவ மாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் ஒரு காலத்தில் முறையாகப் பயின்று தேறியவர்களே. குடும்ப சுகாதார மருத்துவ மாதின் பயிற்சி பதினெட்டு மாதங்களைக் கொண்டது. ஓராண்டு தாதியர் கல்லூரியிலும் வைத்தியசாலையிலும், எஞ்சிய ஆறு மாதம் ஊர்ப்புறத்திலும் கழியும். அதன்பின் அவர் முப்பது ஆண்டுகள் சேவை செய்யக்கூடும். அந்த முப்பது ஆண்டுகளில் வைத்திய சாத்திரம் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை.

இதற்குப் பாம்புக்கடியைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. வயல் சூழ்ந்த படுவான்கரையில் அது அன்றாட அச்சம். இலங்கையில் வழங்கப்படும் விஷமுறி மருந்து நெடுங்காலமாக இந்தியாவிலிருந்து வருவது. உயிரைக் காக்கும் அம்மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. அதனைத் தடுப்பதற்கென்று ஐதரோகோட்டிசோன் முதலிய மருந்துகளை முன்கூட்டியே ஏற்றுவது பல வைத்தியசாலைகளில் வழக்கமாயிருந்தது. இவ்வழக்கம் உண்மையில் பயன் தருகிறதா என்று இலங்கை வைத்தியர்களே ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடையே சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். தோலின்கீழ்ச் சிற்றளவில் ஏற்றும் அதிரினலின் கடும் ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் 43 வீதம் குறைத்தது. ஐதரோகோட்டிசோன் தனியே பயன் தரவில்லை என்பது மட்டுமன்று, அதிரினலினோடு சேர்த்துக் கொடுத்தபோது அதிரினலினின் நன்மையையும் அது கெடுத்தது. 2010இல் பயிற்சி முடித்து ஒரு சிறு வைத்தியசாலைக்கு வந்த வைத்தியர், அடுத்த ஆண்டு வெளியான இச்செய்தியை அறியாவிடின், நல்லெண்ணத்தோடே தீங்கிழைப்பவராகிவிடுவார்.

மற்றொரு சிறு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. கண்ணாடி விரியன் தீண்டியவரின் குருதி உறையுந் தன்மையை இழக்கிறதா என்று அறிய, சிறிது குருதியைக் கண்ணாடிக் குழாயில் இட்டு இருபது நிமிடம் அசையாது வைத்துப் பார்ப்பர். பொறியும் மின்சாரமும் வேண்டாத, எந்தக் குக்கிராமத்திலும் செய்யத்தக்க சோதனை இது. ஆயினும் குழாய் பிளாத்திக்காயிருந்தாலோ, சவர்க்காரத் தூள் கொண்டு கழுவப்பட்டிருந்தாலோ முடிவு பிழைக்கும். இத்தகைய நுட்பம் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் ஒரு வரியாக இருந்து மறந்துபோகும். அனுபவமுள்ள ஒருவர் குழாயைக் கையில் எடுத்துக் காட்டினாலே மனத்தில் நிற்கும்.

புதியதை அறிதல் ஒருபுறமிருக்க, பழையதை மறவாதிருத்தல் அதனிலும் கடினமானது. 1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டது. 1946 முதல் டி.டி.ரி. தெளித்ததன் பயனாக, 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிவிட்டதென்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் நோயாளர் தொகை இலட்சக்கணக்காயிற்று. மீண்டும் நெடுங்காலம் போராடி, 2012க்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லையென்ற நிலை எய்தப்பெற்று, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் கிடைத்தது. இன்று கடமையேற்கும் இளம் ஆய்வுகூடத்தார் மலேரியாக் கிருமியைப் பயிற்சிக் கண்ணாடித் தகட்டிலன்றிக் கண்டதில்லை. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு திரும்பும் ஒருவரின் குருதியில் அது இருந்தால் அடையாளங் காண வேண்டியவரும் அவரே. காணாத நோயைக் காணும் கண்ணைப் பயிற்சியொன்றே காக்கும்.

இப்பயிற்சி எங்கே கிடைக்கிறது? கொழும்புக்குத் தெற்கே களுத்துறையில் உள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் ஊர்ப்புறச் சுகாதார ஊழியரின் தாய்வீடு எனலாம். 1926இல் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதும் களுத்துறையிலேதான். வைத்தியர்களுக்கு, கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப மருத்துவ டிப்ளோமா உட்படப் பல கற்கைகளை நடத்துகிறது. கடமையிலிருக்கும் தாதியர் பட்டம் பெறுவதற்குத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் தொலைக்கல்வி முறையில் வழி திறந்தது. அப்பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடமும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் ஒரே நகரில் அமைந்திருப்பது இப்பகுதிக்கு வாய்த்த நற்பேறு. முன்னர் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் தேடிய ஆசிரியர்கள் இப்போது வாவியின் அருகிலேயே இருக்கின்றனர்.

எனினும், பெயர் பெற்ற இந்நிறுவனங்களிலும் பார்க்க, ஆரவாரமின்றி நடக்கும் ஓர் ஏற்பாடே பெரும் பயன் விளைத்தது எனத் தோன்றுகிறது. அது சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயத்தில் நடைபெறும் மாதாந்தக் கூட்டம். அப்பிரிவின் மருத்துவ மாதர் யாவரும் அன்று ஒருங்கே கூடுவர். அம்மாதத்துக் கணக்குகள் ஒப்படைக்கப்படும், புதிய சுற்றுநிருபங்கள் விளக்கப்படும். தாய் ஒருத்தி இறந்திருப்பின் அம்மரணம் படிப்படியாக ஆராயப்படும். இரத்த அழுத்தம் எப்போது உயர்ந்தது, யார் கவனித்தார், வாகனம் எந்நேரம் வந்தது, எந்த இடத்தில் வேறு முடிவு எடுத்திருக்கலாம் என்ற கேள்விகள் எழும். குற்றஞ் சாட்டும் நோக்கத்தோடு இதனை நடத்தினால் உண்மை வெளிவராது, கற்கும் நோக்கத்தோடு நடத்தினால் அதனினும் சிறந்த வகுப்பு வேறில்லை. 1930களில் நூறாயிரம் பிரசவங்களுக்கு 2,000 அளவில் இருந்த தாய்மார் மரணம் அண்மைக்காலத்தில் முப்பது, நாற்பது என்ற அளவுக்குக் குறைந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் இவ்விசாரணைக்கும் இடமுண்டு.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். உயர் பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. கிராமத்துத் தாயோடு நாள் முழுதும் தமிழில் உரையாடும் மருத்துவ மாது, தம் ஐயத்தை வேற்று மொழியில் கேட்கத் தயங்கி வாளாவிருந்துவிடுதல் இயல்பு. தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாதென்பார்க்கு மானிப்பாய் விடை கூறும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, பிரசவ வைத்தியம் ஆகியவற்றைத் தமிழ் நூல்களாக்கி, தமிழிலேயே மாணவர்களைப் பயிற்றினார். வாவிக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சொல் இல்லாமையால் நின்றுபோன வேலையன்று இது.

அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் 2003இல் தொடங்கிய 'எக்கோ' என்ற முறை இங்கே கருதத்தக்கது. பெருநகர நிபுணர் ஒருவரும் தொலைவிலுள்ள ஊர் வைத்தியர் பலரும் வாரந்தோறும் குறித்த நேரத்தில் ஒளித்திரைவழி கூடுவர். ஊர் வைத்தியர் தம்மிடமுள்ள உண்மையான நோயாளி ஒருவரைப் பற்றிக் கூறுவார், ஏனையோர் கேட்டு விவாதிப்பர். ஈரல் அழற்சி நோய்க்கு இவ்வாறு ஊரிலேயே பெற்ற சிகிச்சை, பல்கலைக்கழக வைத்தியசாலையில் பெற்றதற்கு நிகராயிருந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. கையடக்கத் தொலைபேசி படுவான்கரையிலும் வழக்கமாகிவிட்ட இந்நாளில் இம்முறைக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

வேண்டுவது பதிற்கடமைக்கு ஓர் ஆள். ஒரு மருத்துவ மாது இரண்டு வாரம் களுத்துறைக்குச் சென்றால், அவரது பிரிவிலுள்ள கர்ப்பிணிகளை அயற்பிரிவு மாது தம் வேலையோடு சேர்த்துப் பார்க்க நேரும். மாரி வெள்ளம் வீதியை மூடிய நாட்களில் அது எளிதன்று. ஆதலால் பயிற்சிக்கு அழைப்பு வந்தும் போகாது நின்றுவிடுபவர்கள் கடமையுணர்ச்சி குறைந்தவர்கள் அல்லர், பெரும்பாலும் அது மிகுந்தவர்களே. பயிற்சிக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பதிலாளின் சம்பளத்துக்கும், வயல் வேலை ஓய்ந்து வாவி வற்றியிருக்கும் கோடை மாதங்களைப் பயிற்சிக்கும் ஒதுக்கினால், மண்டூரிலிருந்தும் வவுணதீவிலிருந்தும் புறப்படுவோர் தொகை கூடும்.