துளைகளின் கணக்கு

ஊசிகளைக் கொண்டு நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னப்படும் துணிகளுள், துளைகளையே அழகாகக் கொண்ட லேஸ் பின்னல் தனி வகையாகும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தில், குறிப்பாக அதன் வடகோடியிலுள்ள அன்ஸ்ட் தீவில், 19ஆம் நூற்றாண்டு முதல் பின்னப்பட்டுவரும் மெல்லிய கம்பளிச் சால்வைகள் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவை. முழுச் சால்வையையும் ஒரு திருமண மோதிரத்தின் வழியே இழுத்துவிடலாம் என்பதால், அவை மோதிரத்தின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அத்துணியில் உள்ள துளை ஒவ்வொன்றும் எண்ணி வைக்கப்பட்டது. அதன் பின்னுள்ள கணிதமோ, கூட்டலும் கழித்தலும் அறிந்த எவருக்கும் எட்டக்கூடியது.

பின்னலின் அடிப்படை அலகு கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் ஒற்றை நூல் வளையம். சாதாரணப் பின்னலில் பழைய கண்ணி ஒவ்வொன்றின் ஊடாகவும் ஒரு புதிய கண்ணி இழுக்கப்படுவதால், எண்ணிக்கை வரிசைக்கு வரிசை மாறுவதில்லை. லேஸ் பின்னலிலோ இரண்டு செயல்கள் கூடுதலாக நிகழ்கின்றன. நூலை ஊசியின்மேல் வெறுமனே ஒருமுறை சுற்றினால், கீழ்வரிசையில் பற்றுக்கோடு இல்லாத புதிய கண்ணி ஒன்று தோன்றி, அதன் அடியில் துளை விழுகிறது. இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால், ஒரு கண்ணி குறைகிறது. முன்னது +1, பின்னது −1. துணியின் அகலம் மாறாதிருக்க இவற்றின் கூட்டுத்தொகை சுழியமாக வேண்டும் என்பதால், விழுந்த துளை ஒவ்வொன்றுக்கும் ஈடாக எங்கேனும் ஓரிடத்தில் இரண்டு கண்ணிகள் ஒன்றியிருக்கும்.

அந்த ஈடு எந்த இடத்தில் அமைகிறது என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. துளையை ஒட்டியே சேர்ப்பு வருமானால், மற்றக் கண்ணிகள் தத்தம் நிரலில் நேராக நிற்கும். துளைக்கும் சேர்ப்புக்கும் இடையே ஆறு கண்ணிகள் இருந்தால், அந்த ஆறும் ஓர் இடம் தள்ளிப்போய், அச்செயல் மீண்டும் மீண்டும் நிகழும்போது சாய்கோடுகளாகத் தெரியும். ஷெட்லாந்தின் ‘ஓல்டு ஷேல்’ என்னும் அலைப் பின்னல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் ஓர் அலகு 18 கண்ணிகளால் ஆனது: முதல் 6 கண்ணிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 3 ஆகின்றன, நடுவிலுள்ள 6 கண்ணிகள், ஒவ்வொன்றோடும் ஒரு நூல்சுற்று சேர்ந்து 12 ஆகின்றன, கடைசி 6 மறுபடியும் 3 ஆகின்றன. 3, 12, 3 ஆகியவற்றைக் கூட்டினால் மீண்டும் 18. இடமிருந்து வலமாகக் கூட்டிக்கொண்டே போனால் கணக்கு −3க்கு இறங்கி, +3க்கு ஏறி, சுழியத்துக்குத் திரும்புகிறது. சேர்ப்புகள் குவிந்த இடத்தில் துணி இறுகியும், சுற்றுகள் குவிந்த இடத்தில் விரிந்தும், அந்த ஏற்ற இறக்கமே கண்ணுக்கு அலையாகத் தெரிகிறது.

ஒரே துணியில் வெவ்வேறு அலகுகள் அடுக்கப்படும்போது மீச்சிறு பொது மடங்கு தேவைப்படுகிறது. 6 கண்ணி அலகும் 8 கண்ணி அலகும் ஒன்றன்மேல் ஒன்று குறைவின்றிப் பொருந்த, 24இன் மடங்காகக் கண்ணிகள் தொடங்கப்பட வேண்டும்.

கூட்டலும் கழித்தலும் சமநிலை மீறும்போது துணி வேறு உருவம் கொள்கிறது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின்னற்கலைஞர் எலிசபெத் சிம்மர்மன், 1974இல் வெளிவந்த தம் நூலில், ‘பை’ என்னும் மாறிலியின் பெயரால் ஒரு வட்டச் சால்வையை விளக்கினார். ஆரம் இரு மடங்கானால் சுற்றளவும் இரு மடங்காகும் என்ற ஒற்றை உண்மையே அதன் அடித்தளம். 9 கண்ணிகளில் தொடங்கி, அவை 18, 36, 72, 144, 288 என இரட்டிக்கப்படுகின்றன. இரட்டிப்புகளுக்கு இடைப்பட்ட சுற்றுகளும் 3, 6, 12, 24 என இரட்டித்துக்கொண்டே போகின்றன. பையின் மதிப்பை அறியாமலே வட்டம் தட்டையாக விரிகிறது என்பதோடு, இடைப்பட்ட சுற்றுகளில் எண்ணிக்கை மாறாததால் அங்கே எந்த லேஸ் வடிவத்தையும் தடையின்றிப் பதிக்கவும் முடிகிறது.

கூட்டல் இதனினும் விரைந்தால், அதாவது இத்தனை கண்ணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகள் பெருகினால், துணி தட்டையாகக் கிடக்க இடமின்றிச் சுருக்கங்களாக மடிகிறது. லாட்வியாவில் பிறந்த கணித அறிஞர் டைனா டைமினா, 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளியின் வழியே அதற்குப் பல இணைகோடுகள் செல்லும் விந்தைத் தளத்தைக் கையால் தொட்டறியத்தக்க பொருளாக ஆக்கியது, பின்னலுக்கு உறவான குரோஷே வேலையில் இவ்விதியைக் கையாண்டே ஆகும்.

வரிசையின் முடிவில் பின்னுபவர் கண்ணிகளை எண்ணிப் பார்ப்பதன் பொருளும் இங்கே விளங்குகிறது. 18 இருக்க வேண்டிய அலகில் 17 இருந்தால், ஒரு நூல்சுற்று விடுபட்டிருக்கலாம், அல்லது சேர்க்கக் கூடாத இரண்டு கண்ணிகள் சேர்ந்திருக்கலாம். அலகு அலகாக எண்ணிக்கொண்டு போனால், பிழை நேர்ந்த இடமும் அகப்படும். மாற்றங்களுக்கு நடுவே மாறாதிருக்கும் ஓர் எண்ணைப் பற்றிக்கொண்டு சரியையும் பிழையையும் பிரித்தறிவது கணிதத்தின் தேர்ந்த வழிகளுள் ஒன்று. தாய் பின்னுவதைப் பார்த்து மகள் கற்ற அந்தத் தீவுகளில், அவ்வழி விரல்நுனியில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது.