ஆராயாத் தண்டம்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் கற்பிக்குந்தோறும் மாணாக்கர் ஒரு வினாவை எழுப்புவர். "ஐயா, கள்வனைத் தண்டித்தல் அரசன் கடமையன்றோ? பாண்டியன் செய்த பிழை யாது?" என்பர். ஆராயாது கொன்றமையே பிழை என விடையிறுப்பேன். அவ்விடையை விளக்க, இக்காலத்து நிகழ்ச்சியொன்றையும் எடுத்துரைப்பது என் வழக்கம்.

பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ நகரின் கரந்திருச் சிறையில், 1992ஆம் ஆண்டு எழுந்த கலகத்தை அடக்கப் புகுந்த பொலிஸார் 111 கைதிகளைக் கொன்றனர். அடுத்த ஆண்டில், அம்மாநிலத்தின் வேறொரு சிறையிலே, 'தலைநகரின் முதற்படை' என்று பொருள்படும் பெயருடன் கைதிகளின் கூட்டமொன்று தோன்றியது. கரந்திருவிற் சிந்திய குருதியை அது மறக்கவில்லை.

2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கூட்டத்தின் தலைவர்களையும், அவரோடு நூற்றுக்கணக்கான கைதிகளையும் தொலைவிலுள்ள சிறைக்கு அரசு மாற்றியது. 12ஆந் திகதி இரவு தாக்குதல் தொடங்கிற்று. பொலிஸ் நிலையங்கள் சுடப்பட்டன. 70க்கு மேற்பட்ட சிறைகளிற் கலகம் மூண்டது. பஸ் வண்டிகள் எரிந்தன. காவலிலிருந்தோர் மட்டுமன்றி, கடமை முடித்து வீடு திரும்பியோரும் கொலையுண்டனர். 15ஆந் திகதி, திங்கட்கிழமை, கடைகளும் பாடசாலைகளும் மூடப்பட, அம்மாநகர் வெறிச்சோடியது.

இந்நிலையிற் பொலிஸார் படைக்கலம் ஏந்தியதை யார் குறைகூறுவர்? காவாத அரசு அரசாகாது. ஆயின் நிகழ்ந்தது காவலோடு நிற்கவில்லை. ஏறத்தாழப் பத்து நாள்களில் அம்மாநிலத்தில் துப்பாக்கிச் சூட்டால் இறந்தோர் 564 பேர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவருள் அரச காவற்பணியாளர் 59 பேர். பொதுமக்கள் 505 பேர். காவலர் இறப்புக்கள் முதல் நாள்களிலே மிகுந்தன; பொதுமக்கள் இறப்புக்களோ தாக்குதல் தணிந்தபின்னரும் தொடர்ந்தன. ஏழையர் குடியிருப்புக்களில், முகமூடியணிந்தோர் இளைஞரைச் சுட்டு மறைந்தனர். அவருள் பொலிஸாரும் இருந்தனர் என்ற ஐயம் வலுவாக எழுந்தது. எனினும் பெரும்பாலான வழக்குகள் குற்றவாளி இன்னாரென்று காணப்படாமலே மூடப்பட்டன.

அவ்வாண்டு மே 14ஆந் திகதி அந்நாட்டில் அன்னையர் தினம். மக்களை இழந்த தாய்மார் பின்னர் 'மே மாத அன்னையர்' என்னும் பெயரால் ஒன்றுகூடி, மூடிய வழக்குகளைத் திறக்குமாறு ஆண்டுதோறும் கேட்டு வந்துள்ளனர்.

கொலையுண்ட காவலர்க்கும் தாயர் உண்டு. அவர் கண்ணீரும் கண்ணீரே. ஆயின், அக்கண்ணீருக்கு ஈடாக வழியிற்போகும் இளைஞனைக் கொல்வது நீதியாகுமா? கொன்றவனைத் தேடிக் கண்டு மன்றிலே நிறுத்துவதன்றோ நீதி! ஒரு சிறையில் ஆராயாது செய்த தண்டம், பதினான்கு ஆண்டுகளின்பின் நகரெங்கும் பரந்து நின்றதையும் நாம் நினைத்தல் வேண்டும்.

இதனைக் கூறி முடித்தபோது, பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, கண்ணகிக்கு வாயிலாவது திறந்தது" என்றான்.

ஆம், பாண்டியன் வாயில் திறந்து வழக்குக் கேட்டான், 'யானே கள்வன்' எனத் தன் பிழை உணர்ந்து உயிரும் நீத்தான். அம்மாணவனுக்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை.